கைய எடுங்கண்ணே

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் தேடி வந்து அடிப்பாள். 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் என் வலது கைச் சுட்டுவிரலை உடைத்த ஆளை 'அவர்' என்று எழுத இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை. 'அவள்' என்றே வைத்துக்கொள்கிறேன். வயதிலும் என்னைவிட நாலைந்து வருஷம் சின்னவள்தான்.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு தெருவில், மாடியில் ஒற்றை அறை எடுத்துக் குடியிருந்தாள். அதே அறைதான் பட்டறை. பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் ஏற்றுவது அவள் தொழில். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று திறந்து வைத்திருக்கிற சிஸ்டம் அது. அவள் ஏற்றித் தந்தாள் என்று சொல்லவும் முடியாது. அவள் யாருக்கும் எதையும் ஏற்றித் தந்ததில்லை. கம்ப்யூட்டரை யார் ஓட்டப் போகிறார்களோ அவர்களே தங்கள் கையால் ஏற்ற வேண்டும். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். வேறு யாருடைய கையாவது கீபோர்டுக்கோ மவுசுக்கோ வந்தால் ஒரு முறை மரியாதையாகச் சொல்வாள்: "கைய எடுங்கண்ணே." இரண்டாம் முறை வாய் பேசாது. இடுப்பில் செருகியிருக்கும் ஒரு முழ நீள ஸ்குரூ டிரைவரின் பிடிதான் பேசும்.

அடி வாங்கியவர்கள் ஊரில் நிறையப் பேர். மகளுக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் தானே முதலில் கை வைக்க வேண்டும் என்று நினைத்த அப்பா, மனைவிக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது என்று சிரித்த கணவன், அக்காவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்த காலேஜ் பையன். எல்லோரும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு படி இறங்கியவர்கள்தான். இருந்தும் ஏன் ஆட்கள் போனார்கள் என்றால், அவளிடம் கற்றுக்கொண்டு வந்த பொம்பளைகள் அதற்குப் பிறகு எந்த மெக்கானிக்கையும் தேடிப் போனதில்லை. கெட்டுப்போனால் தாங்களே பென்டிரைவைச் செருகி மறுபடி ஏற்றிக்கொண்டார்கள்.

என் தொழில் அவளுக்கு நேர் எதிர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை. வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். பென்ஷன், சாதிச் சான்று, ஆதார் திருத்தம், எதுவானாலும் அவர்கள் முன்னால் நிற்க, நான் தட்டுவேன். அவர்களுடைய பாஸ்வேர்டுகள் எல்லாம் என் கடை நோட்டில் இருக்கும். "நீயே வச்சுக்கப்பு, எனக்கெங்க ஞாபகம் இருக்கப் போகுது" என்று அவர்களே சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரில் பாதிப் பேருடைய சாவி என் டிராயரில் கிடந்தது. அதில் எனக்குக் கொஞ்சநஞ்சமில்லாத பெருமை.

நான் அவளிடம் போனது என் தங்கைக்காக. தங்கை மேலே, கேரள மலையில் பூப்பாறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். அடிப்பான். அந்தக் காலத்தில் நான் அதை 'மாப்ளே கொஞ்சம் கோபக்காரர்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு முறை உதடு கிழிந்து வந்தாள். அடுத்த முறை காதில் ரத்தம் உறைந்து வந்தாள். இரண்டு முறையும் ஒரு வாரம் வைத்திருந்து, தலைக்குப் பூ வாங்கிக் கொடுத்து, ஜீப்பில் நானே கூட்டிப் போய் விட்டுவிட்டு, மாப்பிள்ளை கையில் பழத்தட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். பொம்பளையைப் பெற்ற வீட்டில் அதுதான் முறை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் அதை யோசித்துப் பார்த்தவனில்லை.

மறுபடி வந்தபோது துணிமணி எதுவும் கொண்டு வரவில்லை. போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்து திரும்பும் ஜீப்பில், ஏலக்காய் எடுக்கிற பொம்பளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்து இறங்கினாள். கல்யாணத்துக்கு நான் கொடுத்த சீர் அது. எட்டு வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை, ஏனென்றால் பாஸ்வேர்டு மாப்பிள்ளையிடம் இருந்தது. ஏலக்காய் விவசாயிகளுக்குச் செய்தி அனுப்பும் ஒரு கம்பெனி, மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாற்றி எழுத வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஆள் தேடிக்கொண்டிருந்தது. சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை வைப்பார்கள். அது தேறினால் இங்கேயே இருந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. என் கணக்கு வேறு. நான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "ஆடி போகட்டும் மாப்ளே, ஆவணி பொறந்ததும் நானே கொண்டாந்து விடுறேன்" என்று சொல்லிவிட்டேன். ஆடி முடிய இன்னும் பதினெட்டு நாள் மிச்சமிருந்தது.

அந்த மாடியறைக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "யாரு ஓட்டப் போறது?"

"தங்கச்சிதான். சும்மா டைப் அடிக்க. ஈஸியா இருக்கறதாப் பாத்து ஒண்ண..."

"ஒங்களக் கேக்கலண்ணே." தங்கை பக்கம் திரும்பினாள். "யாருத்தா ஓட்டப் போறது?"

"நாந்தான் சேச்சி." அக்கா என்பதற்கு, மலையில் இருந்து வாயில் ஒட்டிக்கொண்டு வந்த மலையாளச் சொல்.

"இதுக்குள்ள இருக்கறதுல எது போனா அழுவே?"

யாராக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் அவள் பென்டிரைவைக் கையில் எடுக்க மாட்டாள். சிலர் பிள்ளையின் முதல் பிறந்தநாள் போட்டோ என்பார்கள். சிலர் செத்துப்போனவர் பேசிய வீடியோ என்பார்கள். அதையெல்லாம் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். என் தங்கை யோசித்தாள். "என்னோடது இதுல ஒண்ணுமே இல்ல சேச்சி."

"அப்ப மொத்தத்தையும் அழிச்சிருவோம்."

அவளிடம் மூன்று பென்டிரைவுகள் இருந்தன. மூன்று விதமான லினக்ஸ். நகப்பாலிஷால் சிவப்பு, நீலம், பச்சை என்று பொட்டு வைத்திருப்பாள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர்களுக்கு எப்போதும் பச்சையைத்தான் கொடுப்பாள். எதை வைத்துப் பச்சையைத் தேர்ந்தெடுத்தாள் என்பது தெருவுக்கே தெரிந்த கதை. கீழே ஏலக்காய் பொறுக்குகிற பொம்பளைகளை சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒருத்தி ஒருத்தியாக மேலே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறாள். சிலமலையிலிருந்து பஸ்சில் வருகிறவர்கள், வாழ்க்கையில் மவுசைத் தொடாதவர்கள். மூன்றையும் அவர்கள் கையாலேயே ஏற்றச் சொல்லிவிட்டு, எத்தனை இடத்தில் திகைத்து நிற்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறாள்.

சிவப்பு நடுவழியில், டிஸ்க்கை எப்படிப் பங்கு பிரிக்க வேண்டும் என்று கேட்டதாம். உட்கார்ந்திருந்த பொம்பளை ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து அழுதுவிட்டாளாம். "குத்தவாளியக் கேக்கற மாதிரி கேக்குது, சனியன்" என்று இவள் அதைப் பிடுங்கி, இடுக்கியால் நெரித்து, ஜன்னல் வழியாக வீசியிருக்கிறாள். பிறகு பொட்டு வைத்து மேசையில் வைத்திருந்தது வேறொரு சிவப்பு. பெரிய கம்ப்யூட்டர்களுக்கு அது வேண்டியிருந்தது. நீலம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பழைய மெஷினில் மூச்சு வாங்கியது, ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பச்சை தமிழிலேயே கேட்டது. ஏற்றுவதற்கு முன்னாலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க விட்டது. வைஃபையைத் தானே கண்டுபிடித்தது. எழுதத் தெரிந்த எவளும் இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு எழுந்தாள். "வீட்டுக்குள்ள வர்ற சிஸ்டம் கேக்கறது அஞ்சே கேள்விதான் இருக்கணும். அஞ்சும் வீட்டுப் பொம்பளைக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியா இருக்கணும்" என்பாள். இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல அளவுகோலை நான் யாரிடமும் கேட்டதில்லை.

தங்கை பச்சையைச் செருகினாள். மொழியைத் தேர்ந்தாள், கீபோர்டைத் தேர்ந்தாள். மூன்றாவது கேள்வியாக, டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்றவா என்று திரை கேட்டது. மாப்பிள்ளையின் போட்டோக்கள், தோட்டத்து வேலைக் குறிப்புகள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஆவணியில் திருப்பிக் கொடுக்கும்போது என்ன பதில் சொல்வேன்? "இரு இரு" என்று மவுசுக்குக் கையை நீட்டினேன்.

"கைய எடுங்கண்ணே."

எடுத்தேன். தங்கை அம்புக்குறியை 'ஆம்' மேல் கொண்டு போனாள். நான் மறுபடி பாய்ந்தேன். ஸ்குரூ டிரைவர் வந்ததை நான் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன், முருங்கைக் குச்சியை ஒடித்தது போல. விரல் மேசை விளிம்பில் நசுங்கி, எதிர்ப்பக்கமாக மடங்கி நின்றது. நான் தரையில் உட்கார்ந்து கத்தினேன்.

"எரும மாதிரி கத்தாதீங்கண்ணே. இன்னும் பன்னெண்டு நிமிசம் இருக்கு. முடிஞ்சதும் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பன்னிரண்டு நிமிஷமும் அவள் திரையைவிட்டு நகரவில்லை. தங்கை என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆனால் மவுசிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியாக ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. அவள் தன் பெயரைத் தமிழில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். அந்த வலியிலும் நான் சும்மா இருக்கவில்லை. "பாஸ்வேர்டு என்னன்னு சொல்லிரு, நோட்டுல குறிச்சு..." என்று ஆரம்பித்தேன். ஸ்குரூ டிரைவர் மறுபடி உயர்ந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். பிறகு சொன்னபடியே ஸ்கூட்டரில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதும், "நாந்தான் அடிச்சேன்" என்றாள். டாக்டர் அவளையும் என்னையும் பார்த்துவிட்டு, குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பதில்தான் அவள். அடிப்பாள், அடித்ததை ஒரு நாளும் இல்லை என்று சொல்ல மாட்டாள், அதை இன்னொருவர் தலையில் போடவும் மாட்டாள். ஒரு துணிக்கடைக்காரர், காலேஜ் படிக்கிற மகளின் கம்ப்யூட்டரில் அவளுக்குத் தெரியாமல் வேவு பார்க்கிற புரோகிராம் ஒன்றை வைத்துத் தரச் சொல்லி, கம்ப்யூட்டரும் மானிட்டருமாக வந்தார். இவள் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கீழே போட்டாள். கீழே ஏலக்காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன்கள் அலறி ஓடினார்கள். ஓராள் தள்ளி விழுந்திருந்தால் அன்றைக்கே கொலைக் கேஸ்தான். அரை மணி நேரம் கழித்து விளக்குமாற்றோடு இறங்கிப் போய்த் தெருவில் கிடந்த கண்ணாடி முழுவதையும் ஒற்றையாளாகக் கூட்டி அள்ளினாள். கடைக்காரப் பையன் உதவிக்கு வந்ததற்கு, "ஒடச்சது நானு. நீ ஒன் சோலியப் பாரு" என்றாளாம். மறுநாள் தன் சொந்த மானிட்டரைக் கொண்டு போய்த் துணிக்கடையில் வைத்துவிட்டு வந்தாள்.

அவளைக் கண்டால் எனக்குப் பயம். விரலில் கட்டோடு இருந்த நாட்களில் பயத்தைவிட வெறுப்புதான் அதிகம். ஆனால் ஒரு நாள் மத்தியானம் தங்கையைக் கூட்டிவரப் போனபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவளுடைய இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். அதைப் பற்றித் தங்கை கேட்டிருக்கிறாள்.

"நான் எம்.சி.ஏ. படிச்சவத்தா. எங்கப்பா போனதும் எங்கண்ணனுக ரெண்டு பேரும் சேந்து, சொத்துல பங்கு வேணாம்னு பத்திரம் எழுதிக் கொண்டாந்தானுக. கையெழுத்துப் போட மாட்டேன்னேன். ஒருத்தன் முதுகுல ஏறி உக்காந்தான். ஒருத்தன் கையத் திருகி, கட்டைவிரல மையில அமுக்கிப் பேப்பர்ல வச்சான். எலும்பு நொறுங்கற சத்தம் கேட்டும் விடல. எம்.சி.ஏ. படிச்சவ கைநாட்டு வச்சேன்." பிறகு சிரித்தாள். "அன்னைக்கு என் கையில ஒரு ஸ்குரூ டிரைவர் இல்லாமப் போச்சு."

நான் படியிலேயே நின்றுவிட்டேன். அன்று அவள் மேல் எனக்கு ஏற்பட்டது பரிதாபம் என்று எழுதினால் பொய். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், 'எல்லா அண்ணனும் அப்படியா' என்று. நான் நல்லவன் என்று நிரூபிக்கிற வேகத்தில் இருந்தேன். அடுத்த வாரமே நான் செய்த காரியத்தைப் பார்த்தால் அந்தக் கோபத்துக்கு அர்த்தமே இல்லை.

நடந்தது இதுதான். கம்பெனிக்காரர்கள் கேட்ட சான்றிதழை ஸ்கேன் எடுக்கத் தங்கை என் கடைக்கு வந்தாள். கடைக் கம்ப்யூட்டரில் அவளுடைய மெயிலைத் திறந்தாள். பக்கத்தில் நின்றவன் அவள் விரல்களைப் பார்த்தேன். அவள் போனதும் நோட்டை எடுத்து, கட்டுப் போட்ட விரலை நீட்டிக்கொண்டே அவள் பெயருக்கு நேரே பாஸ்வேர்டை எழுதி வைத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஊரில் எல்லோருடையதும் இருக்கிறதே, வீட்டுப் பிள்ளையுடையது இல்லாமலா என்றுதான். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை போனில் தேனொழுகப் பேசினான். "மச்சான், அவ ஒடம்புக்கு எப்படி இருக்கு? எங்கூடப் பேசவே மாட்டேங்கறா. மெயில்லயாச்சும் என்ன எழுதறான்னு பாத்தா மனசு ஆறும்." எடுத்துக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

தங்கை ஒரு வக்கீலம்மாவுக்கு எட்டு வருஷக் கதையை எழுதி வந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை அவ்வளவையும் படித்துவிட்டான்.

ஆடி கடைசி ஞாயிறு. அந்த மாசம் முழுக்கக் காற்று. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் தங்கையின் கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி.எஸ். புகைந்துவிட்டது. உள்ளே மற்ற எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது, செங்கல் அளவு, முன்பக்கம் ஒரு கொத்து ஒயர் தொங்கும். மறுநாள்தான் பரீட்சை. அவள் எங்கள் வீட்டுக்கே புதியது ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, தங்கையையே மாட்டச் சொல்லிவிட்டு, கழற்றிய பழையதைக் கையில் வைத்து ஒயரைச் சுற்றிக்கொண்டு நின்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். புதியதை மாட்டித் தங்கை சுவிட்சைப் போட்டதும் திரை எரிந்தது. அவள் முகத்தில் அப்போது இருந்த சிரிப்பை நான் அவளுடைய பன்னிரண்டாவது வயசுக்குப் பிறகு பார்த்ததில்லை.

வெளியே ஜீப் நின்ற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை செருப்போடு உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்த் தங்கையின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்துத் தலையைக் கீபோர்டில் அடித்தான். ஒரு முறை, இரண்டு முறை. எழுத்துக் கட்டைகள் பெயர்ந்து தரையெல்லாம் சிதறின. "வக்கீலுக்கு எழுதறியோ? நான் என்னென்ன செஞ்சேன்னு எழுதறியோ?" மூன்றாம் முறை அடித்தபோது நெற்றி பிளந்து மானிட்டரில் ரத்தம் தெறித்தது. நான் எழுந்து நின்றேன். நின்று, "மாப்ளே, வேணாம் மாப்ளே, மாப்ளே" என்றேன். இதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் போகக்கூட இல்லை. இதை எழுதும்போது என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

"கைய எடுங்கண்ணே" என்றாள் அவள், எப்போதும் சொல்கிற அதே குரலில்.

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் வயிற்றில் உதைத்தான். அவள் பின்னால் போய்ப் பீரோவில் மோதி, அதன் கைப்பிடியில் கன்னம் கிழிந்தது. கீழே விழவில்லை. ஒயரைப் பிடித்து அந்த இரும்புப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி அவன் தாடையில் விட்டாள். பல் தெறித்துச் சுவரில் பட்டுக் கீழே விழுந்ததை நான் பார்த்தேன். அவன் கூந்தலை விடாமலே இன்னொரு கையால் அவள் கழுத்தைப் பிடித்தான். இரண்டாவது அடி, கூந்தலைப் பிடித்திருந்த முழங்கையில். அந்தக் கை அப்படியே தொங்கிவிட்டது. மூன்றாவது அடி தோளில். குப்புற விழுந்தவன் எழ முயன்றான். அவள் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினாள். அது இறங்கியிருந்தால் அவன் மண்டை இருந்திருக்காது.

"சேச்சி! போதும்!" தங்கைதான் கத்தினாள். கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் அப்படியே பெட்டியைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த எழுத்துக் கட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அவள் இப்போது போடியில் இல்லை. கேஸ் நடந்த காலம் முழுக்க ஒரு வாய்தா தவறாமல் போய் நின்றாள், கேட்ட ஒவ்வொரு முறையும் ஆமாம், நான்தான் அடித்தேன் என்றாள், தண்டனையையும் அனுபவித்தாள். அப்புறம் அறையைக் காலி செய்துவிட்டு மலை ஏறிவிட்டாள். அங்கே எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பச்சைப் பொட்டுப் பென்டிரைவோடு அலைகிறாள் என்று தங்கை சொல்கிறாள். அங்கேயும் யாரோ இருவர் மணிக்கட்டு வீங்கியிருப்பதாகக் கேள்வி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் எங்கள் மூவரையும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தான். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். "யார்யா அவன இப்படி அடிச்சது?" என்றார். எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. கன்னத்தில் துணியை அமுக்கிக்கொண்டிருந்த அவளைப் பார்த்தேன், தையல் போட்ட தங்கையின் நெற்றியைப் பார்த்தேன். பாஸ்வேர்டு கொடுத்த குற்றம் நெஞ்சை அறுத்தது. எழுந்து, "நாந்தான் சார் அடிச்சேன். தங்கச்சிய அடிக்கவும் கண்ணு மண்ணு தெரியல" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆம்பளையாக நடந்துகொண்டதாக எனக்கே ஒரு நிமிர்வு வந்தது.

அந்த நிமிர்வு முடியுமுன் கன்னத்தில் அறை விழுந்தது. எஸ்.ஐ. மேசை, போலீஸ்காரர்கள், எதையும் அவள் பார்க்கவில்லை.

"என் அடிய நீ எடுத்துக்குவியாடா? விரல ஒடச்சும் ஒனக்குப் புத்தி வரலியா? நான் அடிச்சது. மூணு அடி. மூணும் என் கை." எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள். "எழுதிக்கங்க சார். கையெழுத்து நாம் போடுறேன். எம்.சி.ஏ. படிச்சிருக்கேன், கைநாட்டெல்லாம் வைக்க மாட்டேன்."

இரண்டு போலீஸ்காரம்மாக்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பிறகு எஸ்.ஐ. தங்கையைப் பார்த்து, "ஒங்க புருசன் மேல புகார் குடுக்கறதா இருந்தா எழுதிக் குடுங்கம்மா" என்று பேப்பரை நகர்த்தினார். விரலில் கட்டோடு என் கை தானாகப் போய்ப் பேனாவை எடுத்தது. இருபது வருஷப் பழக்கம். 'உயர்திரு' என்று ஆரம்பிக்கப் போனவன், எதிர்ப் பெஞ்சிலிருந்து அவள் என்னைப் பார்ப்பதை உணர்ந்தேன். நான் பேனாவைத் தங்கையிடம் கொடுத்தேன்.

தங்கை ஒன்றரை மணி நேரம் எழுதினாள். நாலு பக்கம். நடுவில் ஒரு முறைகூடத் தலையைத் தூக்கவில்லை. எழுதி முடித்ததும் எஸ்.ஐ. என்னிடம் நீட்டி, "சாட்சிக் கையெழுத்து நீங்க போடுங்க. படிச்சிட்டுப் போடுங்க" என்றார். உலைக் கம்பியால் போட்ட சூடு, ஏலக்காய் காயப்போடும் ஸ்டோர் அறையில் பூட்டி வைத்த இரண்டு நாள், மூன்றாம் மாசத்தில் வயிற்றில் விழுந்த மிதியில் போன பிள்ளை. எதையும் நான் இதற்கு முன் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்தால் திருப்பி அனுப்ப முடியாது என்று கேட்காமல் இருந்திருக்கிறேன் போல. நாலாம் பக்கத்தில் அவள் இப்படி எழுதியிருந்தாள்: 'என் அண்ணன் என்னை இரண்டு முறை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினான்.'

அந்த வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

"என்ன, ஏதாச்சும் மாத்தணுமா?" என்றார் எஸ்.ஐ.

தங்கைக்குக் கல்யாணமான முதல் வருஷம் அது. ஒரு நாள் காலை போடிமெட்டு செக்போஸ்ட்டுக்குப் பக்கத்து டீக்கடையிலிருந்து யாருடைய போனையோ வாங்கிப் பேசினாள். "அண்ணே, நான் கீழ வர்றேண்ணே" என்றாள். கடையில் கூட்டம். "இப்ப வராத, நல்லா இருக்காது, வெரசா திரும்பிப் போயிரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் கீழேயே இறங்காததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஆமா சார்" என்றேன். "ரெண்டு தடவ இல்ல. மூணு."

தங்கை என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பேப்பரை வாங்கி, 'இரண்டு' என்பதை அடித்துவிட்டு மேலே 'மூன்று' என்று எழுதினாள். திருத்திய இடத்துக்குப் பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டாள். அதற்குக் கீழே நான் என்னுடையதைப் போட்டேன்.